எட்டாவது ஜாடிக்கு அப்புறம்

பீல் நகரில், வாய்க்காலை ஒட்டிய கடை.
மதாம் ஜன்ரே ஒவ்வொரு மூடியாய்த் திறக்கிறாள்.
வர்ஜீனியா: வெயிலில் மறந்துபோன வைக்கோல்.
லட்டாக்கியா: தண்ணீர் தெளித்த அடுப்பு,
பக்கத்தில் நனைந்த கோட்டோடு யாரோ.
செர்ரி வாசத்தை அவளே சட்டென்று மூடிவிட்டாள்.
"இது மாமியார் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு."

எட்டாவதில் மூக்கு வேலைநிறுத்தம் செய்தது.
நாளெல்லாம் லென்ஸ் வைத்துக்
கடிகாரப் பற்சக்கரம் பொறுக்குகிறவன் நான்,
மயிரிழைப் பிசகும் தப்பாது.
இங்கே
வைக்கோலுக்கும் அடுப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

தராசுக்கு அடியில் ஒரு தகரத் தட்டு.
நிறுக்கையில் சிந்தியதெல்லாம் அதில்.
ஒரு சிட்டிகை அள்ளி பைப்பில் திணித்தேன்.
"ஐயோ, அது குப்பை!"
வாசலில் நின்று பற்றவைத்தேன்.
மூன்றாம் இழுப்பில் தெரிந்துபோயிற்று.

மொத்தமும் ஐம்பது கிராம் தேறவில்லை.
காசு வேண்டாமென்றாள்.
"திரும்ப வந்து கேட்காதே.
இந்த வாரம் யார் எதை வாங்கினார்களோ,
எப்போதெல்லாம் என் கை நடுங்கியதோ,
அதுதான் இந்தக் கலவை."

கிள்ளிக் கிள்ளிப் புகைத்தும் தீர்ந்துவிட்டது.
சனிக்கிழமைதோறும் போகிறேன்.
எதையாவது நிறுக்கச் சொல்கிறேன்,
எந்த ஜாடி என்றாலும் சரி,
அவள் கையையே பார்த்தபடி.