நாலெழுத்து

நாலெழுத்துப் படித்தவன் என்றுதான்
லேபிள் மிஷின் முன்னால் என்னை உட்கார வைத்தார்கள்.
ஓசூர் தாண்டி, தளி சாலையில்
பாலித்தீன் கூடாரங்களுக்குப் பின்னால் எங்கள் ஷெட்.
பிப்ரவரி பதினாலு நெருங்கினால்
ராத்திரி ஏது, பகல் ஏது.
அறுபது சென்டிமீட்டர் காம்பு, இருபது பூவுக்கு ஒரு கட்டு,
அட்டைப்பெட்டியின் நெற்றியில் நான் அடித்தது:
ஆர், ஓ, எஸ், ஏ.

'ரோஸ்' என்றுதான் இருந்தது முன்பு.
கொஞ்சம் சீமை வாடை வரட்டும் என்று
நானாக மாற்றினேன்.
யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

முதலில் ஜெர்மனியிலிருந்து மெயில்.
சிவப்பு கேட்டோம், பெட்டியில் இளஞ்சிவப்பு என்று இருக்கிறது,
கிடங்கில் வேறு வரிசைக்குப் போய்விட்டது,
இரண்டு நாள் கழித்துத்தான் திறந்தோம்.
அங்கே அந்தச் சொல்லில் பூ கிடையாதாம்.
பூவை உதிர்த்துவிட்டு
நிறத்தை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இத்தாலிக்காரர் ஒன்றும் சொல்லவில்லை.
அவருக்குப் பூவும் அதுதான், நிறமும் அதுதான்.
பணம்தான் தாமதம்.

போலந்து மெயிலை மானேஜர் மூன்று தடவை படித்தார்.
'பனித்துளி என்று எழுதியிருக்கிறீர்களே,
உள்ளே ஈரமா?'

ஒரு துளி இதழில் தங்கினால் போதும்,
சாம்பல் பூஞ்சை பெட்டி முழுக்க இறங்கிவிடும்.
விசிறி வைத்து, காகிதம் சுற்றி,
இரண்டு டிகிரி அறையில் விரல் மரத்துப்போய்
எதை விரட்டிக்கொண்டிருந்தோமோ
அதையே பெயராக எழுதி அனுப்பியிருக்கிறேன்,
ஆயிரத்து நானூறு பெட்டிக்கு.

எங்கள் ஷெட் மட்டும் லேசுப்பட்டதா?
'ஆவு' என்று ஒரு கூச்சல் வந்தால்
பசு புகுந்துவிட்டதென்று வெங்கடப்பா கயிற்றோடு ஓடுவார்,
பாம்பு என்று கெம்பம்மா தடியோடு ஓடுவாள்.
நான் இரண்டுக்கும் நடுவில்
தமிழில் நின்றுகொண்டிருப்பேன்.
அந்தத் தமிழிலும்
புல்லில் நிற்பது பனி, சாலையை மறைப்பது பனி,
மானேஜர் போனில் ஜெர்மனிக்காரனின் காரை
மூடிக் கிடப்பதும் பனி.

லேபிள் ஒட்டியது முனிரத்னா.
நோட்டில் அவள் கையெழுத்துதான் இருந்தது.
மூணு ரோஜு கூலி பிடித்தம் என்றார் கணக்கர்.
தெலுங்கில் ரோஜு என்றால் நாள்.
பூ ஏறிய விமானம் போய்ச் சேர்ந்த இடமெல்லாம் சுற்றி
அந்தச் சொல் கடைசியில்
அவள் சம்பளக் கவரில் வந்து உட்கார்ந்தது.

'எழுத்து அடிச்சது யாரு?'
குளிர்ப்பெட்டி மோட்டார் மட்டும் பேசியது.
நான் ஸ்டிக்கர் சுருளின் முனையைத்
தேடிக்கொண்டிருந்தேன்.
நகத்தால் கீறினால் வந்துவிடும் முனைதான்.
தேடிக்கொண்டேயிருந்தேன்.

கையுறை இரண்டையும் கழற்றி மேஜையில் வைத்தாள்.
ஒன்றில் ஆள்காட்டி விரல் கிழிசல்.
கவரை அதன்மேல் வைத்தாள், எண்ணிக்கூடப் பார்க்காமல்.
கேளமங்கலம் பஸ்ஸுக்கு நடந்தாள்.

'ரொம்ப ரோசக்காரி' என்றார் மானேஜர்.
எந்த நாட்டுக்காரனும் அந்த அர்த்தத்தை
மெயிலில் எழுதவில்லை.

இப்போது பெட்டியில் சொல் கிடையாது, எண்தான்.
நாலாயிரத்து நானூற்றுப் பதினேழு என்றால் சிவப்பு.
எண்ணுக்கு எல்லா ஊரிலும் ஒரே அர்த்தம் என்று
எனக்கு விளக்கினார்கள். தலையாட்டினேன்.
மூன்று என்ற எண்
கணக்கருக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று.
எனக்கு என்னவென்று நான் சொல்லப்போவதில்லை.

காலை ஏழு பத்து பஸ் விளக்கெரிய வருகிறது,
வைப்பர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து.
கூடாரத்து ஆட்கள் நாலு பேர் இறங்குகிறார்கள்.
மிஷின் சூடாகிவிட்டது.
காகிதம் கேட்கிறது.