மாகாணி

வினிபெக், மைனஸ் இருபத்தொன்பது.
சமையலறை அலமாரி செய்யும் பட்டறை.
ரோடெல் அளவுநாடாவை இழுத்துப் பிடிக்கிறான்:
அங்குலத்துக்குள் அரை, கால், அரைக்கால்,
அதற்கும் உள்ளே
மரத்தூள் அப்பிய ஒரு குட்டைக் கோடு.

எவ்வளவு இடிக்கிறது என்றான்.
ஆங்கிலத்துக்குத் திறந்த வாய்
மாகாணி என்றது.

மஹோகனியா? இல்லையே, இது மேப்பிள்.

எங்கே கிடந்தது இந்தச் சொல்?
வாய்ப்பாட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில்,
பரீட்சைக்கு வராத பகுதியில்
எப்போதோ பார்த்திருப்பேன்.

டீ நேரத்தில் ஒட்டுப்பலகைத் துண்டில்
பென்சிலால் போட்டுப் பார்த்தேன்.
மா, இருபதில் ஒன்று.
காணி, எண்பதில் ஒன்று.
கூட்டினால் எண்பதில் ஐந்து,
அதாவது பதினாறில் ஒன்று.
பெயர் என்று நினைத்திருந்தேன்,
கணக்கு!

போன வாரம் இளவெயினியின் தாளில்
விடை சரி, வழி எங்கே என்று
சிவப்பில் எழுதி அரை மதிப்பெண் குறைத்திருந்தார்கள்.
மனசுக்குள்ளே போட்டேன்ப்பா என்று அழுதாள்.

யாரோ மனசுக்குள்ளே போட்டதை
வழியோடு சேர்த்தே
பெயராக வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.
நடுவில் இருந்த கூட்டல் குறி
எனக்குத்தான் கேட்கவில்லை.

இழைத்த கதவை ரோடெல் சாத்திப் பார்க்கிறான்.
இன்னும் உரசுகிறது.
அரை மஹோகனி, என்கிறான்.