ஷட்டர் சாவி

நானும் ஒருமுறை அவசரச் சட்டம் போட்டவன்தான்.
காக்கிச் சட்டை, தோளில் இரும்புச் சாவி,
கோரையாற்றுப் பிரிவில் ஏழாம் எண் மதகு.
லஸ்கர் வேலை.

அந்த வருஷம் முறை வைத்துத்தான் தண்ணீர்.
ஆறு நாள் மேல்மடை, ஆறு நாள் கடைமடை.
மன்னார்குடியில் கூட்டம் போட்டு
மூன்று டீயும் ஒரு சண்டையும் முடித்து
எல்லாரும் கையெழுத்து வைத்த முறை.

மேல்மடை முறையில் நாலாம் நாள் ராத்திரி
கரையோடு நடந்து போனேன்.
கீழக்கரம்பையில் கதிர் பால் பிடிக்கும் பருவம்.
வெடித்த வயலுக்குள் டார்ச் அடித்தால்
வெளிச்சம் உள்ளே போனது, திரும்பவில்லை.
யாரைக் கேட்பது? ஏ.இ. போனை எடுக்கவில்லை.
சங்கத்தைக் கூட்ட ரெண்டு நாள் ஆகும்.
பயிருக்கு ரெண்டு நாள் இல்லை.
பதினோரு சுற்று சுற்றினேன்.
தண்ணீர் இறங்குகிற சத்தம்
நல்ல காரியத்தின் சத்தம் போலவே இருந்தது.

பயிர் பிழைத்தது.
கும்பிட வருவார்கள் என்றிருந்தேன்.
தையல்நாயகி வந்தாள், சேற்றுக் காலோடு.
பிழைத்ததில் ஒன்றரை மா அவளுடையது.
"கேட்டிருந்தா மேல்மடைக்காரங்களே
கை தூக்கியிருப்பாங்க.
கேக்காம தெறந்துட்டே.
இனிமே கேக்காம மூடவும் ஒனக்குத் தெரியும்."

ரிஜிஸ்தரில் எழுதச் சொன்னாள். எழுதினேன்:
இரவு 11.40. அனுமதி இல்லை.
அடுத்த கூட்டத்தில் அதைச் சத்தமாகப் படித்தார்கள்.
மேல்மடைக்கு ஒரு நாள் திருப்பிக் கொடுத்தோம்.

இன்றைக்குப் பேப்பரில்:
கொள்முதல் சீர்திருத்தம், அவசரச் சட்டம்.
நெல்லை யார் வாங்கலாம், எங்கே எடை போடலாம்,
எந்த வழக்கு எந்தக் கோர்ட்டுக்குப் போகக்கூடாது.
சபைக்கு விடுமுறை. பேனாவுக்கு இல்லை.
இந்த வருஷத்தில் இது ஐந்தாவது.
சபை கூடியதும் வைப்பார்களாம்;
அதற்குள் இங்கே அறுப்பு முடிந்து
வயலில் உளுந்து முளைத்திருக்கும்.

நல்லதுக்குத்தான் என்கிறார்கள். இருக்கலாம்.
மூட்டைக்கு நாற்பது ரூபாய் கூடுதலாம்.
கொள்முதல் நிலையத்தில், தார்ப்பாய்க்கடியில்
முளைவிட்டுக் கிடந்த நெல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து
தையல்நாயகி ரெண்டு தடவை படிக்கச் சொன்னாள்.
நாற்பது ரூபாயை விரலில் கணக்குப் போட்டாள்,
முகம் கொஞ்சம் மலரத்தான் செய்தது.
பிறகு கேட்டாள்:
"இவங்க ரிஜிஸ்தர் எங்க இருக்கு?"

ஏழாம் எண் மதகுக்கு
அன்றிலிருந்து நான் கிரீஸ் போடுவதில்லை.
திறந்தால் கீழக்கரம்பை வரைக்கும் கேட்கும்.