முப்பதில் ஒரு பங்கு

ஆம்னி வேனின் பின்கதவைக் கழற்றி
நேற்றே மாட்டுச்சாளையில் சாத்திவிட்டான் சென்னியப்பன்.
திறந்துகிடக்கிற வாயில்
பருத்திக்கொட்டைச் சாக்கு இரண்டைப் போட்டு
காலைத் தொங்கவிட்டு, பின்னோக்கி உட்கார்ந்திருக்கிறேன்.
இடுப்பில் கயிறு, மறுமுனை முன்சீட்டின் காலில்.
"குண்டடம் சந்தைக்குப் போற
ஆட்டுக்குட்டியாட்டமே இருக்கறீங்" என்கிறான்.

அவனுக்கு நான் தெரியமாட்டேன், எனக்கு அவனும்.
அதனால் கூரையில் தட்டிப் பேச ஏற்பாடு.
ஒரு தட்டு, மெதுவாக.
இரண்டு, மிதி.
மூன்று, ஓரங்கட்டு.
நாலாவது தட்டைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

பத்தடி தள்ளி வருகிறது கான்டசா.
சோமனூரில் தறி ஓட்டும் தெய்வசிகாமணி அண்ணன்
மூன்று வருசமாய்த் துருச் சுரண்டி,
வீட்டில் சண்டை போட்டு,
தேங்காய்ப்பருப்பு வெள்ளையில் மீட்டெடுத்த வண்டி.
தைமாதக் காலண்டருக்கு வேண்டுமாம்.
"லென்ஸைப் பாக்காதீங்கண்ணா, ரோட்டைப் பாருங்க."
ஆறு தடவை சொல்லியாயிற்று.
மேடையில் மொய்க்கவர் வாங்குகிற முகத்தோடு
என்னையே பார்த்துச் சிரிக்கிறார்
மணிக்கு நாற்பது கிலோமீட்டரில்.

ஷட்டர், நொடியில் முப்பதில் ஒரு பங்கு.
அதற்குள் தாராபுரம் ரோடு
ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக நகர்ந்துவிடும்.
நிற்பதெல்லாம் அந்த முழத்துக்குள் கரைகிறது:
கிளுவை வேலி, மைல்கல்,
கொறங்காட்டு வெள்வேலம்,
டீக்கடை வாசலில் எங்களை முறைத்துப் பார்த்தவர்.
கூட ஓடி வருவதுதான் தெளிவாக விழும்.
தூரத்துக் காற்றாலைகளும் கரைவதில்லை.
ரொம்பத் தூரமாயிருப்பதும்
கூட வருவதில் சேர்த்தி போல.

ஆடிக்காற்று கண்ணுக்குள் மண்ணை இறைக்கிறது.
ஒரு தட்டு. ஒரு தட்டு. இரண்டு.
ரோட்டை நால்வழியாக அகட்டியிருக்கிற துண்டில்
வலப்பக்கம் ஏறி வருகிறது பனியன் கம்பெனி பஸ்,
திருப்பூரில் ராத்திரி ஷிப்ட் முடித்தவர்களை ஏற்றிக்கொண்டு.
முந்திப் போயிருக்கலாம்.
பஸ்காரருக்கும் கான்டசா மேல் ஆசையோ என்னவோ,
எங்களோடு சரிக்குச் சரியாய் நாற்பதில் ஓட்டுகிறார்.

காலை வெயில் என் முதுகுக்குப் பின்னாலிருந்து
நேராக அந்த ஜன்னல்களில் விழுகிறது.
ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்த தூக்கம்.
கம்பியில் இடித்து இடித்தும் விழிக்காத நெற்றி.
முடியில் நூல் தும்பு. அதுகூடத் தெரிகிறது.
விழித்திருப்பவள் ஒருத்திதான்.
என்னைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள்,
வாயைப் பொத்திக்கொண்டாள்.
பிறகு கையை வெளியே நீட்டி
விரிசல் விட்ட போனில் என்னை எடுத்தாள்.

எடுக்கப்பட்டால் எப்படியிருக்க வேண்டுமென்று
எனக்குத் தெரியாமல் போயிற்று.
நானும் சிரித்திருக்கிறேன், மொய்க்கவர் சிரிப்பு.
விரல் மட்டும் தன்பாட்டுக்கு அழுத்திக்கொண்டிருந்தது.

தெய்வசிகாமணி அண்ணன் முதல்முறையாக
லென்ஸை விட்டுக் கண்ணெடுத்தார்.
ரோட்டுக்கு அல்ல, பஸ்ஸுக்கு.
கான்டசாவின் மூக்கு பெரிதாகிக்கொண்டே வந்து
சட்டம் முழுக்க வெள்ளை.
என் செருப்பு அதன் பம்பரில் உரசியது.
நாலு தட்டு. ஐந்தும் இருக்கலாம்.
சென்னியப்பன் எதையும் கேட்காமல் மிதித்தான்.

வெள்ளிக்கிழமை போன்:
"அந்தப் படந்தானுங் இருக்கறதுலயே நல்லா விழுந்திருக்குது.
என்ர மொகமே என்ர மொகமாட்ட இருக்குது.
பஸ்ஸை மட்டும் அழிச்சுப்போடுங்."
அழித்தேன்.
தூங்குகிறவர்களை முதலில், ஜன்னல் ஜன்னலாக.
அவளைக் கடைசியில்.
அந்த இடத்தில் கொஞ்சம் வேலியை இழுத்துவிட்டேன்.

மூலனூர்ப் பக்கமோ கன்னிவாடிப் பக்கமோ
ஏதோ ஒரு போனில் நான் இருக்கிறேன்,
இடம் போதவில்லையென்று இன்னும் அழிக்காமலிருந்தால்.
அவள் கை ஆடியிருக்கும். பஸ்ஸும்தான்.
முகம் கரைந்து போயிருந்தாலும் பரவாயில்லை,
கயிறாவது தெளிவாக விழுந்திருக்கட்டும்.