குறைவு: சாக்கு இரண்டு

ஹட்டன் சந்தை, மரைக்கார் கடை.
எழுபத்து நாலாம் வருடம்.
தராசு என் கையில், தாள் கிழிப்பதும் நானே.
கால் றாத்தல் கட்டாவுக்கு அரைப்பக்கம்,
நெத்தலிக்கு அதிலும் பாதி.

மூட்டை வருவது பேசாலையிலிருந்து.
அந்திராசு சம்மாட்டி ஒவ்வொரு சாக்கிலும்
சிவப்பு மையில் ஒரு சிலுவை போட்டிருப்பார்.
தலைமன்னார் வண்டி, பொல்காவலையில் மாற்றம்,
அதற்குப் பிறகு மலை.
ஏற ஏற உப்பு பனியைக் குடிக்கும்,
எடை கூடும்.
மரைக்காரின் லாபத்தில் பாதி மூடுபனி.

மடிக்கும் முன் தாளை வாசிப்பது என் பழக்கம்.
தை மாதத்துத் தாளில்
மிச்சம் ஒன்றரை லட்சம் பேர் இருந்தார்கள்.
பாதி அங்கே, பாதி இங்கே என்று
இரண்டு அரசாங்கமும் கைகுலுக்கிய படம்.
அந்த ஒன்றரை லட்சத்தில் ஒன்று நான்.
எந்தப் பாதி என்று போடவில்லை.

ஆனி மாதத்துத் தாளில்
கடலுக்கு நடுவே ஒரு கோடு.
கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு சின்னத் தீவு.
அந்தப் பக்கத்தார் வலை காயப்போடலாமாம்,
திருவிழாவுக்கு வந்து போகலாமாம்.
வலைக்கு ஒரு வரி எழுதியிருக்கிறார்கள்!
கொழுந்துக் கூடைக்கும் அப்படி ஒரு வரி
தை மாதத்துத் தாளில் இருந்ததா என்று தேடினேன்.
அதில் யாரோ
நெத்தலி வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

ஆடியில் சம்மாட்டி நேரில் வந்தார்,
கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு.
"இறால் கம்பெனி வந்திட்டுது.
அரசாங்கத்துக்கு டொலர் வேணுமாம்.
கருவாடு போட ஆள் இல்லை, விலை ஏறும்.
எம்.பி. வாடிக்கே வந்து
எங்களோட இருந்து சோறு தின்டவர். இஞ்ச வாறவரோ?"

வெளியே மாவுக்கு நின்ற வரிசையைப் பார்த்தேன்.
காலை ஐந்து மணிக்கு வந்தவர்கள்.
இரண்டு பேர் குந்திவிட்டார்கள்,
ஒருவர் படுத்தேவிட்டார்.
"இங்க வோட்டு இல்லீங்க," என்றேன்.
"மழைதான் வரும்."

வீராயி வந்தது அந்த மாதக் கடைசியில்.
மேல்கணக்கில் கொழுந்தெடுத்தவள்.
பாஸ்போட் வந்துவிட்டது, செவ்வாய்க்கிழமை வண்டி.
பாக்கி பதினொரு ரூபாய் நாற்பது சதத்தைச்
சில்லறையாய் எண்ணி வைத்தாள்.
பிறகு இரண்டு றாத்தல் கட்டா கேட்டாள்.

"இவ்வளவும் எதுக்கு?
எறங்குற எடமே கடலாச்சே,
அங்க கருவாடு கெடைக்காதா?"

"கருவாடு கெடைக்கும் தம்பி.
கடன் கெடைக்குமா?"

தராசுத் தட்டை நான் விரலால் கொஞ்சம் அழுத்தினேன்.
மரைக்காருக்குத் தெரியும்.
வேறு பக்கம் பார்த்தார்.

போகும்போது வெறுஞ்சாக்கு இரண்டு கேட்டாள்.
திருப்பி அனுப்ப வேண்டிய சாக்கு,
ஒன்றுக்கு முப்பது சதம்.
ஒன்றில் அம்மியும் குழவியும்,
இன்னொன்றில் பானை, போர்வை,
பிள்ளையின் பள்ளிக்கூடச் சிலேட்டு.
செவ்வாய் காலை
சிவப்புச் சிலுவை இரண்டு
வந்த பாதையிலேயே மலை இறங்கின.

அடுத்த மூட்டையோடு சம்மாட்டியின் துண்டு வந்தது.
விலை ஏறியிருந்தது.
அடியில், சாய்ந்த எழுத்தில்,
"குறைவு: சாக்கு இரண்டு. விபரம் தரவும்."

பேரேட்டைத் திறந்தேன்.
விபரம் என்ற கட்டத்தில்
பேனையை வைத்தபடி இருந்தேன்.
பனி உள்ளே வந்து தாளில் உட்கார்ந்தது.
மரைக்கார் எட்டிப் பார்த்து,
"அறுபது சதம் என் கணக்கில் எழுது," என்றார்.
எழுதினேன்.
விபரம் காலியாகவே இருக்கிறது.