எடைமேடைக்குப் பின்புறம்

வாளையாறு சோதனைச்சாவடி தாண்டி
எடைமேடைக்குப் பின்புறம் எங்கள் ஆய்வுக்கூடம்.
லாரி ஏறும்போதெல்லாம் கண்ணாடி நடுங்கும்,
திரையில் கோடு பல்லைக் காட்டும்.
"சிமெண்ட்" என்பான் பிஜீஷ், தலை நிமிராமல்.
"இது வெங்காயம்."
எப்படித் தெரியும் என்று நான் கேட்டதில்லை.

திரவ நைட்ரஜன் கோவையிலிருந்து வர வேண்டும்,
கேனில் புகைந்துகொண்டு.
ஒருமுறை பஸ்ஸில் ஏற்ற மறுத்தார்கள்.
உள்ளே என்னம்மா என்றார் கண்டக்டர்.
குளிர் என்றேன்.
குளிருக்கு டிக்கெட் கிடையாது என்றார்.

குழாய்க்குள்
லட்சத்தில் ஒரு பங்கு காற்றழுத்தத்தில் வாயு.
ஆக்சிஜன், கார்பன், கந்தகம்
மூன்றும் ஒரே பெஞ்சில் அமர்ந்த மூலக்கூறு.
கொத்தமல்லி விதையினும் சிறிய அலையை
இந்த முனையில் விடுகிறோம்.
அந்த முனையில்
எது வந்து சேரவில்லை என்று பார்க்கிறோம்.
வராததுதான் கணக்கு.

பன்னிரண்டு கிகாஹெர்ட்ஸுக்கு ஒன்றாக,
ரயில்பாதைக் கம்பங்கள்போலக் கோடுகள் நிற்க வேண்டும்.
நிற்கின்றன.
ஒன்பதாவது மட்டும் பார், ஏறக்குறைய
நாலு மெகாஹெர்ட்ஸ் முன்பே நின்றுவிட்டது.
வேகமாய்ச் சுழன்றால் உடல் நீளும்,
நீண்டால் சுழற்சி பிந்தும்.
இது நாங்கள் எதிர்பார்த்ததுதான்.

எதிர்பாராதது
நூற்றாறைத் தாண்டி, ஒன்றுமே இருக்கக் கூடாத வெளியில்
ஒரு சின்னப் பள்ளம்.
"லாரி" என்றான் பிஜீஷ்.
அழித்தேன்.
மறுநாளும் அதே இடம்.
"அதே லாரி."

புரட்டாசியில் ஸ்ட்ரைக் வந்தது.
டோல்கேட் வரை ஒரு ஹெட்லைட் இல்லை.
கணவாய்க் காற்று மட்டும்
எடை போடாமல் எல்லை கடந்தது.
இரவு இரண்டரை. பம்பை இன்னும் ஓடவிட்டோம்.
உள்ளே கூட்டம் குறையக் குறையப்
பள்ளம் மெலிந்தது, கூரானது,
இடம் மாறவே இல்லை.

கந்தகம்தான்.
நூற்றில் நாலு கந்தக அணுவுக்கு
இரண்டு நியூட்ரான் கூடுதல்.
கனம், அதனால் மெதுவான சுற்று.
முதல் நாளிலிருந்தே பாட்டிலுக்குள் இருந்திருக்கிறது,
மற்றவற்றோடு மோதிக்கொண்டு,
நாங்கள் லாரியைத் திட்டிக்கொண்டிருந்தபோதும்.

பிஜீஷ் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.
"ஓவர்லோடு" என்றான் கடைசியில்.
சிரிப்பில் என் நோட்டு எங்கோ விழுந்துவிட்டது.
கைக்கு அகப்பட்டது எடைமேடை ரசீது ஒன்று;
காற்று ஜன்னல் வழியே கொண்டுவந்து போட்டது.
பின்பக்கம் எழுதினேன்:
106787, மெகாஹெர்ட்ஸ், மூன்றாம் முறை.

முன்பக்கத்தில் யாருடையதோ
உமி, ஒன்பது டன் நானூறு.