வழித்த கரண்டி

கிழமையில் ஆறு நாள்
புதுக்குடியிருப்பு மிக்சர் கொம்பனியில்
கடலைமாவுக்கு நிறம் போடுவது நான்.
ஒரு தொட்டி மாவுக்கு ஒரு கரண்டி.
வழித்துப் போடு என்கிறது டப்பா.
குவித்துப் போடு என்கிறார் றெஜினோல்ட் அண்ணை.
"மங்கலா இருந்தால் ஆர் வாங்குவினம், தங்கச்சி?"

சவர்க்காரம், தேசிக்காய், அடுப்புச் சாம்பல்
எல்லாம் போட்டுத் தேய்த்தாயிற்று.
நகக்கண்ணில் மஞ்சள் இருக்கிறது,
கலியாண வீட்டுக்குச் சமைத்துவிட்டு வந்தவள் மாதிரி.

சனி பின்னேரம் வேலை விட்டதும்
இரணைப்பாலைக் கன்னியர் மடம்.
நற்கருணைக்கு அப்பம் வார்க்கும்
சிஸ்ரர் யுஸ்தீனாவுக்குக் கைக்குதவி.
கோதுமை மா. தண்ணீர்.
"உப்பு?" என்றேன் முதல் நாள்.
இல்லை.
"ஈஸ்ற்?"
இல்லை.
"ஒரு சொட்டுத் தேன் எண்டாலும்..."
சிஸ்ரர் இரும்பு அச்சை மூடினா.
"சட்டம் அப்பிடி, பிள்ளை. ஒண்டும் கூட்டக்கூடாது.
கனநாள் வைச்சா பூஞ்சணம் பிடிக்கும்.
அதுதான் அளவா வார்க்கிறது."
உறை போட்ட கையால் மா கரைத்தேன்.
ஏன் என்று அவ கேட்கவில்லை.

பைக்கற்றின் பின்பக்கம், எறும்பு எழுத்தில்
102, 211, 621.
கோயில் சுவரில் பாட்டு இலக்கப் பலகை.
போன ஞாயிறு காணிக்கைப் பாட்டு 102.
எல்லாரும் புத்தகம் புரட்ட
எனக்குத் தொட்டி தெரிந்தது.

வனாந்தரத்தில் விழுந்த மன்னாவை
நாளைக்கென்று ஒளித்து வைத்தவர்களுக்கு
விடிய அதில் புழு.
மறைக்கல்வி வகுப்பில் தண்டனை என்று படித்தேன்.
இப்போது பார்த்தால்
புழுவுக்கும் பிடித்த சாப்பாடுதானே அது.
எங்கள் மிக்சரில் ஒரு பிடியை
மாரி முழுக்க ஜன்னலில் வைத்திருந்தேன்.
எறும்பு சுற்றிக்கொண்டு போனது.

உப்பில்லாக் கஞ்சிக்கு
வரிசையில் நின்ற சனம் நாங்கள்.
பிள்ளை மினுங்குகிற பைக்கற்றைக் காட்டி அழுதால்
எந்தத் தாய் இல்லை என்பாள்?
நானும்தான் வாங்கிக் கொடுத்தேன்.

ஒருநாள் கேட்டே விட்டேன்.
றெஜினோல்ட் அண்ணை கோயில் கமிற்றி; வசனம் கைவசம்.
"வாய்க்குள்ள போறது மனுசரைத் தீட்டாக்காது.
உள்ளுக்கிருந்து வெளியில வாறதுதான்.
ஆண்டவரே சொன்னவர்."
சரிதான் அண்ணை.
ஆனால் இந்தக் கரண்டி
எனக்குள் இருந்தல்லவா வெளியே வருகிறது?
வாய்வரை வந்தது, சொல்லவில்லை.
அன்றைக்குச் சம்பள நாள்.

முதல் நன்மைப் பூசை.
பக்கத்து வீட்டு மெலீசியா,
வெள்ளைச் சட்டை, தலையில் பூமுடி.
பூசை தொடங்க முன்
தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் நின்று
ஒரு பைக்கற் முடித்திருக்கிறாள்.
ஒரு மணி நேர உபவாசமும் போச்சு.
சுவாமிக்கு முன் கண்ணை மூடி
நாக்கை நீட்டினாள்.
என் மஞ்சள்.
அதன் நடுவில், நேற்று நான் எண்ணி அடுக்கிய
வெள்ளை வட்டம்.
அவள் வாயை மூடும் வரை
வரிசை நகர்ந்தது எனக்குத் தெரியவில்லை.

என் முறை. கையை ஏந்தினேன்.
சுவாமி கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
"கிறிஸ்துவின் உடல்" என்றார்.
ஆமென் சொல்லக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

திங்கட்கிழமை
கத்தி முதுகால் கரண்டியை வழித்தேன்.
அதற்கு மேல் எனக்குத் துணிவில்லை.
தொட்டி மங்கலாய் வந்தது.
ஒட்டுசுட்டான் கடையிலிருந்து
பன்னிரண்டு பைக்கற் திரும்பி வந்தது,
என் கணக்கில்.

மெலீசியாவுக்கு ஒன்று கொடுத்தேன்.
உடைத்து, ஒரு ஓமப்பொடித் துண்டை
வெயிலில் பிடித்துப் பார்த்தாள்.

"அன்ரி, இது பழசோ?"